ஹிரோஷிமாவில் ஐந்து நாள்

முதல் நாள்

ஒசாகாவிலிருந்து புல்லட் ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். மகன் ஒசாகாவில் மேற்படிப்பு படிக்கிறான். அவன் அறையிலேயே புளியோதரை கிளறி டப்பாவில் கட்டிக்கொண்டு கிளம்பினோம். ஒகயாமா தாண்டியதும் சுரங்கம் மேல் சுரங்கமாக வந்தது. வெளியே பார்க்க ஒன்றும் இல்லாததால் அவனிடம் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.

இந்த ஊருக்கு வர வேண்டும் என்று நான் இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக ஆசைப்பட்டதற்குக் காரணம் ஒரு படம். ‘ஹிரோஷிமா மோன் அமூர்’. 1959இல் வந்த பிரெஞ்சுப் படம். அலென் ரெனே இயக்கியது, மார்கெரித் துராஸ் எழுதியது. கல்யாணமான புதிதில் மதுரையில் ஒரு திரைப்படக் கழகத்தில் நானும் அவரும் பார்த்தோம். மாடியில் ஒரு அறை, சுவரில் வெள்ளைத் துணி, பழைய வீடியோ. படம் முடிந்ததும் யாரும் பேசவில்லை. பஸ் நிறுத்தம் வந்த பிறகுதான் அவர் வாயைத் திறந்தார். “அந்தக் கையைப் பார்த்தியா?”

எந்தக் கை என்று சொல்ல வேண்டும். ஹிரோஷிமாவுக்கு நடிக்க வந்த ஒரு பிரெஞ்சு நடிகை, அந்த ஊர் கட்டடக் கலைஞர் ஒருவருடன் ஓர் இரவைக் கழிக்கிறாள். இருவருக்கும் தனித்தனியே குடும்பம் இருக்கிறது. விடிந்ததும் அவள் காபிக் கோப்பையோடு வந்து, தூங்கும் அவனைப் பார்க்கிறாள். அவன் கை லேசாகத் துடிக்கிறது. சட்டென்று வேறொரு கை. மண்ணில் கிடந்து துடிக்கும், சாகப்போகிற ஒரு இளைஞனின் கை. கண் சிமிட்டினால் தவறிவிடும். திரும்பவும் அதே அறை, அதே காபி. அது யார் கை என்று நமக்குத் தெரிய நெடுநேரம் ஆகும். நினைவு இப்படித்தான் வரும், முன்னறிவிப்பு இல்லாமல் வரும் என்பதை அதற்கு முன் எந்தப் படமும் எனக்கு இவ்வளவு துல்லியமாகக் காட்டியதில்லை.

சாயங்காலம் டிராம் பிடித்து அணுகுண்டுக் கோபுரத்துக்குப் போனோம். 1915இல் யான் லெட்செல் என்ற செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் கட்டிய பொருட்காட்சி மண்டபம் அது. 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15க்கு, ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில், கிட்டத்தட்ட இதன் தலைக்கு மேலேயே குண்டு வெடித்தது. அழுத்தம் மேலிருந்து நேராக இறங்கியதால் சில சுவர்கள் நின்றுவிட்டன. இதைக் காப்பாற்றி வைப்பது என்று ஊர் முடிவு செய்தது 1966இல். ரெனே இங்கே படம் பிடித்த 1958இல், வைப்பதா இடிப்பதா என்பது இன்னும் தீராத வழக்கு. பார்க்கவே வேண்டாம் என்று நினைத்தவர்களும் இங்கேயே வாழ்ந்தவர்கள்தானே.

விளக்கொளியில் கோபுரத்தின் இரும்பு எலும்புக்கூடு மட்டும் தெரிந்தது. கீழே ஆற்றில் ஒரு நாரை ஒற்றைக்காலில் நின்றது. மகன் போட்டோ எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

இரண்டாம் நாள்

விடியற்காலை நாலு மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. பக்கத்துக் கட்டிலில் மகன் குப்புறப் படுத்திருந்தான். கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. விரல்கள் அவன் அப்பாவுடையவை, நகம்கூட அப்படியே. விடியும்வரை நான் அந்தப் பக்கம் பார்க்காமல் படுத்திருந்தேன்.

இன்று அருங்காட்சியகம். தூண்கள் மேல் தூக்கி நிறுத்திய நீண்ட கட்டிடம், கென்சோ தாங்கே வடிவமைத்தது, 1955இல் திறந்தது. படத்தில் வருவதும் இதுதான். கட்டணம் 200 யென்.

படத்தின் தொடக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த இடத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. முதல் கால் மணி நேரத்தில் முகங்களே சரியாகத் தெரியாது. இரண்டு உடல்கள் அணைத்திருக்கின்றன. தோல் மேல் சாம்பல் போல ஏதோ படிந்திருக்கிறது, பிறகு அது வியர்வையாகிறது. பெண் குரல் சொல்லிக்கொண்டே போகும்: நான் எல்லாம் பார்த்தேன், ஆஸ்பத்திரியைப் பார்த்தேன், அருங்காட்சியகத்துக்கு நாலு முறை போனேன். ஆண் குரல் ஒவ்வொன்றுக்கும் மறுக்கும்: நீ ஹிரோஷிமாவில் எதையும் பார்க்கவில்லை.

ரெனே அதற்கு முன் நாஜி வதைமுகாம்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்திருந்தார். அணுகுண்டைப் பற்றியும் அதேபோல ஒன்று எடுக்கச் சொல்லித்தான் அவரிடம் வந்தார்கள். முயன்று பார்த்தார், முடியாது என்று விட்டுவிட்டார். அந்தக் கால் மணி நேரம் அவர் எடுக்காமல் விட்ட ஆவணப்படம் என்றே எனக்குத் தோன்றும். படமும் ஓடுகிறது, அந்தப் படம் போதாது என்று சொல்லும் குரலும் கூடவே ஓடுகிறது.

உள்ளே இருட்டு. கூட்டம் இருந்தும் சத்தம் இல்லை. மூன்று வயதுக் குழந்தையோடு அப்பா புதைத்து, நாற்பது வருடம் கழித்து மண்ணிலிருந்து எடுத்த மூன்று சக்கர சைக்கிள். கரிந்த சாப்பாடு அப்படியே இருக்கும் பித்தளை நிறத்து டிபன் டப்பா. வங்கி திறக்கக் காத்து உட்கார்ந்திருந்த ஒருவரின் நிழல் பதிந்த கல்படி. இவற்றைப் பற்றியெல்லாம் நான் முன்பே படித்திருக்கிறேன். படித்ததைச் சரிபார்ப்பவள் போல ஒவ்வொன்றாகத் தாண்டிப்போனேன், அதை மறைப்பதற்கில்லை.

நான் நின்றது கூந்தலுக்கு முன்னால். ஓர் இளம்பெண்ணின் தலையிலிருந்து கொத்தாக உதிர்ந்த முடி. கண்ணாடிக்குப் பின்னால் சுருண்டு கிடக்கிறது. கருகவில்லை, நரைக்கவில்லை. எண்ணெய் தேய்த்துப் பின்னினால் பின்னலாம் போல இருக்கிறது. படத்திலும் இதேபோல முடி வரும். காலையில் எழுந்தபோது ஹிரோஷிமாப் பெண்களின் தலையிலிருந்து கழன்று வந்த முடி என்று அந்தக் குரல் சொல்லும். பிறகு வெகுநேரம் கழித்து அவளுடைய கதை வரும்போது அவள் தலையையே ஊரார் மழிப்பார்கள். போர்க்காலத்தில் நெவேர் என்ற சிறு ஊரில் அவள் ஒரு ஜெர்மன் சிப்பாயைக் காதலித்தாள். ஊர் விடுதலையாகும் நேரத்தில் அவனை ஆற்றங்கரையில் யாரோ சுட்டுவிட்டார்கள். எதிரியோடு பழகியதற்குத் தண்டனையாக அவளுக்கு மொட்டை. பிறகு நிலவறை. இரண்டு கூந்தலையும் படம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டாது. இதுவும் அதுவும் ஒன்று என்று ஓரிடத்திலும் சொல்லாது. ஒரு ஊரின் சாவையும் ஒரு பெண்ணின் காதலையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று கோபப்பட்டவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கோபம் புரியும். ஆனால் படம் எடை போடவில்லை. தன் துக்கத்தின் வழியாகத் தவிர வேறு வழியாக யாராலும் இன்னொருவர் துக்கத்துக்குள் போக முடியாது என்கிறது. அதுவும் வாசல் வரைதான்.

திரும்பிப் பார்த்தால் மகன் இல்லை. வெளியே கண்ணாடிச் சுவர் ஓரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

“போதும்மா. நீ பார்த்துட்டு வா.”

நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்து பூங்கா முழுக்கத் தெரியும். நினைவு வளைவு, அதன் வழியே நேர்கோட்டில் சுடர், அதற்கும் பின்னால் கோபுரம். வளைவுக்குக் கீழே கல்பெட்டியில் இறந்தவர்களின் பெயர்ப் பதிவேடுகள் இருக்கின்றன. 1945 முடிவதற்குள் சுமார் 1,40,000 பேர். அதற்குப் பிறகு காலமான, குண்டுக்கு ஆளானவர்களின் பெயர்களையும் ஒவ்வோர் ஆகஸ்டிலும் சேர்க்கிறார்கள். இப்போது 3,40,000க்கும் மேல். இவ்வளவு பெரிய பூங்கா ஊர் நடுவில் எப்படி என்று மகன் கேட்டான். குண்டுக்கு முன் இது பூங்காவே இல்லை, நாகாஜிமா என்ற குடியிருப்பு. கடையும் வீடும் கோயிலுமாக நெருக்கியடித்து இருந்த இடம் என்றேன். அவன் புல்தரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள்

படத்தில் வரும் இடங்களைத் தேடி அலைந்த நாள். அவள் தங்கியிருந்த புதிய ஹிரோஷிமா ஓட்டல் இப்போது இல்லை, அங்கே சர்வதேச மாநாட்டு மையம் நிற்கிறது. கடைசிப் பகுதியில் வரும் ரயில் நிலையத்தில் அந்தக் காலத்து மரபெஞ்சுகளைத் தேடுவது வீண். ஹோன்தோரி கடைத்தெருவில் மேற்கூரை, மருந்துக்கடை, காலணிக்கடை, எந்த ஊரிலும் இருப்பதுதான். மத்தியானம் ஒகோனோமியாகி சாப்பிட்டோம். முட்டைக்கோசும் நூடுல்ஸும் அடுக்கி இரும்புக் கல்லில் வாட்டிக் கொடுக்கிறார்கள், பன்றி இறைச்சி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

1958இல் கதாநாயகி எமானுயேல் ரிவா படப்பிடிப்புக்கு முன் ஜப்பானில் வாங்கிய கேமராவோடு இந்தத் தெருக்களில் சுற்றியிருக்கிறார். சிறுவர்கள், மீனவர்கள், குடிசைகள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்திருக்கிறார். ஐம்பது வருடம் கழித்து, 2008இல், அந்தப் படங்களை இங்கே கண்காட்சியாக வைத்தார்கள். அவற்றில் சிலவற்றை இணையத்தில் பார்த்திருக்கிறேன். குண்டு விழுந்து 13 வருடம்தான் ஆகியிருந்தது. பிள்ளைகள் எல்லாம் சிரிக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். ‘நீ எதையும் பார்க்கவில்லை’ என்ற பேச்சைத் திரையில் கேட்டுக்கொண்டே இருக்கும் பெண், திரைக்கு வெளியே எவ்வளவு பொறுமையாகப் பார்த்திருக்கிறார்!

இன்னொன்று. எழுதிய துராஸ் ஜப்பானுக்கு வந்ததில்லை. ரெனே இங்கிருந்து கடிதம் எழுதி ஊரைச் சொன்னார். கதாநாயகன் எய்ஜி ஒகாடாவுக்கோ பிரெஞ்சு தெரியாது. வசனத்தை ஒலி ஒலியாக மனப்பாடம் செய்து பேசினார். பார்க்கும்போது கொஞ்சமும் தெரியாது. தனக்குத் தெரியாத மொழியில், வராத ஒருத்தி எழுதியதை, அவ்வளவு மெதுவாக, அவ்வளவு அன்பாகப் பேசுகிறார்.

ஆறு மட்டும் மாறவில்லை. ஹிரோஷிமா ஒரு கழிமுகத் தீவுக்கூட்டம், ஊருக்குள் ஆறு ஆறுகள். எல்லாவற்றிலும் கடல் ஏறி இறங்கும். கரையில் தண்ணீருக்குள் இறங்கும் கல்படிகள் வரிசையாக இருக்கின்றன. படகில் சரக்கு ஏற்றிய காலத்துப் படித்துறைகள், இவர்கள் கங்கி என்கிறார்கள். நீர் வற்றினால் பாசி பிடித்த கீழ்ப்படிகள் வெளியே தெரியும். நீர் ஏறினால் மூன்று நான்கு படிதான் மிச்சம்.

படத்தில் இப்படி ஓர் ஆற்றங்கரையில் உள்ள தேநீர் விடுதியில்தான் அவள் நெவேர் கதையைச் சொல்கிறாள். பதினான்கு வருடமாக யாரிடமும் சொல்லாதது, புருஷனிடமும் சொல்லாதது. அவன் கேட்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும். “நீ நிலவறையில் இருக்கும்போது நான் செத்துவிட்டேனா?” என்று கேட்பான். செத்துப்போன ஜெர்மன்காரனாகத் தானே ஆகி, ‘நான்’ என்கிறான். அவளும் அவனைப் பார்த்து ‘நீ’ என்றே பேசுவாள். அந்த ‘நான்’ மட்டும் இல்லாவிட்டால் அவளால் ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியாது. நிலவறைச் சுவரில் பூத்த உப்பை நக்கியதை, விரல் நகம் தேய்ந்து ரத்தம் வந்ததை, ஒருநாள் எங்கிருந்தோ ஒரு கோலிக்குண்டு உள்ளே உருண்டு வந்ததை எல்லாம் சொல்கிறாள். அந்தக் கோலியைக் கையில் வைத்திருந்தபோது வெதுவெதுப்பாக இருந்தது என்று சொல்லும் இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

ராத்திரி மகன் லேப்டாப்பில் படத்தை முழுக்கப் பார்த்தான். நான் பார்க்காமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டான்.

“சொல்லி முடிச்சப்புறம் அவளுக்கு லேசாத்தானே இருக்கணும்? ரூமுக்கு வந்து கண்ணாடியப் பார்த்துத் தன்னையே ஏன்மா திட்டிக்கிறா?”

அவனுக்கு நான் சொன்னது: அவள் அழுவது அந்த ஜெர்மன்காரன் செத்ததற்கு இல்லை. அது பழைய அழுகை. இப்போது அவன் கதையாகிவிட்டான். முதல், நடு, முடிவு என்று ஒருவனிடம் சொல்ல முடிகிற கதை. உன்னை இன்றைக்கு ஓர் அந்நியனிடம் சொல்லிக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்கிறாள். சொன்னால் மறக்கத் தொடங்கிவிடுவோம் என்ற பயம் அது.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அதனாலதான் நீயும் சொன்னதில்லையா?” என்றான்.

விளக்கை அணைத்துவிட்டேன்.

நான்காம் நாள்

காலையில் மியாஜிமா தீவுக்குப் போய்வந்தோம். கடலில் நிற்கும் சிவப்புத் தோரண வாசல், மான்கள், பெருங்கூட்டம். அழகுதான், மனம் அங்கே இல்லை.

மத்தியானம் அருங்காட்சியகத்தில் ஒரு அறையில் ஆங்கிலத்தில் பேச்சு இருக்கிறது என்று பலகையில் பார்த்து உள்ளே போய் உட்கார்ந்தோம். பதினைந்து பேர் இருப்போம். பேசியவர் நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்மணி. குண்டிலிருந்து தப்பியவர் அல்ல. தப்பியவர்களுக்கு வயதாகிவிட்டது, பலர் இல்லை. அதனால் 2012இலிருந்து ஹிரோஷிமா நகராட்சி இப்படிச் சிலரைத் தயார் செய்கிறது. ஒருவர் தப்பிப்பிழைத்த ஒருவரோடு வருடக்கணக்கில் பழகி, அவர் கதையைக் கேட்டு, எழுதி, அவரிடமே காட்டித் திருத்தி, பிறகு அவருக்குப் பதிலாகப் பேசுகிறார். உறவுக்காரராக இருக்க வேண்டியதில்லை. கேட்டுச் சொல்பவர், அவ்வளவுதான்.

அவர் சொன்னது ஒரு பள்ளிச் சிறுமியின் கதை. தீ பரவாமல் இருக்க வீடுகளை இடித்து வெளியாக்கும் வேலைக்கு அந்நாளில் பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பிள்ளைகளை அனுப்பினார்கள். அன்று காலை வெட்டவெளியில் நின்ற ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இறந்தார்கள். இந்தச் சிறுமி அன்று போகவில்லை. பெண்மணி ‘அவர் அன்று வீட்டில் இருந்தார்’ என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர், அவர் என்றே போனது. ஒரு இடத்தில் குரல் தாழ்ந்தது. “வயிறு வலிக்கிறது என்று அம்மாவிடம் பொய் சொன்னேன்” என்றார்.

சொன்னேன்!

அறையில் வேறு யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அடுத்த வாக்கியத்தில் மறுபடி ‘அவர்’ வந்துவிட்டது. மகன் என் முழங்கையைத் தொட்டான்.

முடிந்ததும் அவரிடம் போய்க் கேட்டேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஓரிடத்தில் ‘நான்’ என்றீர்களே. அவர் முகம் சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்பது போலத் தலை குனிந்தார். “எப்போது அப்படி வருகிறது என்று எனக்கே தெரிவதில்லை. ஒரு தடவை அவர் முன்னாலேயே வந்துவிட்டது. பயந்துபோனேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.”

டிராமில் திரும்பும் வழியெல்லாம் இதே நினைப்பு. படத்தில் அந்த ‘நான்’ ஒரு ராத்திரிக்கு மட்டும் இரவல் வாங்கியது. விடிந்தால் அவள் பாரிஸுக்குப் போய்விடுவாள். மறந்துவிடுவேன், இப்போதே மறந்துகொண்டிருக்கிறேன் என்று அவள் அவனிடம் கத்துவாள். கடைசியில் உன் பெயர் ஹிரோஷிமா என்பாள், அவன் உன் பெயர் நெவேர் என்பான். அத்தோடு படம் முடிந்துவிடும். துராஸும் ரெனேயும் அதற்கு அப்பால் பார்க்கவில்லை. 1958இல் பார்த்திருக்கவும் முடியாது. இங்கே ஒரு கிழவி தன் பொய்யை, தன் வயிற்றுவலியை, ரத்தசம்பந்தமில்லாத ஒருத்தியிடம் ஒப்படைத்திருக்கிறாள். ஒப்படைத்தபின்னும் அது அவளிடம் இருக்கிறது. என் பிரியமான படத்தோடு எனக்கு முதன்முதலாக மாறுபாடு வந்திருக்கிறது.

ஐந்தாம் நாள்

ரயில் பத்தரைக்கு. விடிந்ததும் மொதொயாசு ஆற்றுப் படிக்கட்டுக்குப் போய் உட்கார்ந்தோம். நல்ல குளிர். ஜிங்கோ இலைகள் மஞ்சளாக மிதந்து வந்து, கடலுக்குப் போகாமல் மேல்நோக்கிப் போயின. நீர் ஏறும் நேரம். நாங்கள் உட்கார்ந்தபோது எங்களுக்குக் கீழே ஆறு படி தெரிந்தது.

ஏழு வருடமாக நான் யாரிடமும் சொல்லாதது அவர் போன அந்த ராத்திரி. தீவிர சிகிச்சைப் பிரிவு வாசல், பதினோரு மணியிலிருந்து விடியும்வரை. மகனுக்கு அப்போது பதினைந்து வயது. பெஞ்சில் தூங்கிவிட்டான் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அந்த ராத்திரிக்கு நான் ஒருத்திதான் சாட்சி, நான் சொல்லாதவரை அது கெடாமல் இருக்கும் என்று வைத்திருந்தேன்.

நான் தொடங்குவதற்குள் அவனே பேசினான். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

“நான் தூங்கலம்மா அன்னைக்கு. கண்ண மூடிட்டு இருந்தேன். நீ அப்பா செருப்ப மடியிலேயே வெச்சிருந்த. மஞ்சப்பையில போட்டு. நர்ஸ் வந்து கீழ வைங்கன்னாங்க, நீ வைக்கல.”

எனக்கு அது நினைவில்லை. எவ்வளவு தேடினாலும் இல்லை. அவர் நெற்றி நினைவிருக்கிறது, கதவின் வட்டக் கண்ணாடி நினைவிருக்கிறது, தூரத்தில் ஓடிய ஜெனரேட்டர் சத்தம் நினைவிருக்கிறது. மடியில் செருப்பு இல்லை, பை இல்லை. தினமும் எடுத்துப் பார்த்துப் பத்திரப்படுத்திய ராத்திரியில் அது இல்லவே இல்லை.

“காலைல வீட்டுக்கு வந்தும் கையிலதான் வெச்சிருந்த,” என்றான்.

இன்னும் நாலு படி தெரிந்தது. ஓர் இலை மூன்றாவது படியில் ஒட்டிக்கொண்டு, அடுத்த அலையில் விடுபட்டுப் போனது.

“பையில என்ன எழுதியிருந்துச்சு?” என்று கேட்டேன்.

யோசிக்காமல் சொன்னான். மேல்வரியில் கடைப் பெயர், கீழே தெருப் பெயர், டெலிபோன் நம்பரின் கடைசி நாலு எண்கூடச் சொன்னான்.